தெர்மாகோல் பாறை ரெடி, ஓடிக்கிட்டு இருக்குற தொட்டிக்குள்ள எப்படி ஒட்டுறது?

அம்பைப்பையன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போறவன், இப்பதான் முதல் தடவ கேள்வி போடுறேன், நீளமா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

எனக்கு சொந்த ஊரு அம்பாசமுத்திரம் பக்கம், வேலைக்காக அம்பத்தூர்ல வாடகை வீடு. ஹால்ல 4 அடி தொட்டி ஒண்ணு இருக்கு, 4 x 1.5 x 1.5, 8 மி.மீ. கண்ணாடி, ஒரு வருஷமா ஓடுது. உள்ள ஃபிலமென்ட் பார்ப் 8, லோச் ஒரு அஞ்சாறு. பின் கண்ணாடியில கடைக்காரர் ஓசியா ஒட்டிக் குடுத்த நீலக் கலர் போஸ்டர், அதுல பவளப்பாறையும் ஆமையும். ஆத்து மீனுக்குப் பின்னாடி கடல் ஆமை நீந்துது, டெய்லி காலைல காபி குடிக்கும்போது அத பாக்க எரிச்சலா வரும்.

போன மாசம் ஊருக்குப் போனப்ப அகஸ்தியர் அருவியில குளிச்சிட்டு அந்தப் பாறைய ஒரு இருபது போட்டோ எடுத்துட்டு வந்தேன். தண்ணி வழியிற இடம் கன்னங்கரேல்னு, ஓரத்துல பச்சைப் பாசி, நடுவுல ஒரு வெடிப்பு. அதையே தெர்மாகோல்ல செஞ்சு உள்ள வச்சா என்னன்னு தோணிச்சு. 2 இன்ச் ஷீட் வாங்கி, டிவி வந்த பெட்டியில இருந்த தெர்மாகோலையும் சேத்து, பல்குச்சி குத்தி சிலிகான் வச்சு ஒட்டி, கட்டர்ல வெட்டி, ஊதுபத்தியால சின்னச் சின்ன ஓட்டை போட்டு (மொட்டை மாடியில வச்சுதான் செஞ்சேன், புகை நாத்தம் தாங்கல) இப்ப பாக்க நிஜமாவே பாறை மாதிரி வந்திருக்கு. 4 அடி நீளத்துல ஒரே பீஸ். மேல சிமெண்ட் ஒரு கோட்டு அடிச்சாச்சு.

சந்தேகம் என்னன்னா, தொட்டி முழுக்கத் தண்ணி இருக்கு, மீன் இருக்கு. தண்ணிய எடுக்காம அப்படியே உள்ள எறக்கி ஒட்ட முடியுமா? ஹார்டுவேர் கடையில தண்ணிக்குள்ளயே ஒட்டுற பசை இருக்குன்னு சொன்னாங்க. இல்லன்னா நாலு பெரிய கல்ல முட்டுக் குடுத்தா நிக்காதா? சிமெண்டால மீனுக்கு ஏதும் ஆகுமா? பால்கனி பூரா தெர்மாகோல் உருண்டை பறக்குது, துணி காயப்போட இடமில்லன்னு வீட்ல ஒரு வாரமா பேச்சு இல்ல, சீக்கிரம் சொல்லுங்க அண்ணன்மாரே.

---

தொட்டித்தாத்தா:

தம்பி, முதல் கேள்விக்குப் பதில் முடியாது. ரெண்டாவதுக்கும் அதேதான்.

கோவிச்சுக்காதீங்க, கணக்கப் பாருங்க. உங்க பீஸ் 120 செ.மீ. நீளம், 45 உயரம், சராசரி கனம் 5 செ.மீ.ன்னு வச்சுக்குவோம். பெருக்கினா 27 லிட்டர். அதாவது அந்தப் பாறைய முழுசா முக்கினா 27 லிட்டர் தண்ணி ஒதுங்கும், 27 கிலோ விசை அத மேல தள்ளும். தெர்மாகோலோட எடை அரை கிலோ இருக்குமா? சிமெண்ட் பூச்சு ஒரு மூணு கிலோ. ஆக மிச்சம் இருக்குறது ஏறக்குறைய ஒரு சிப்பம் அரிசி. ஒரு சிப்பம் அரிசி வெயிட்டு ராப்பகலா மேல பாத்து இழுத்துக்கிட்டே இருக்கும், அத நாலு கூழாங்கல் புடிச்சு வைக்குமா சொல்லுங்க.

தண்ணிக்குள்ள ஒட்டுற எபாக்சி இருக்கறது உண்மைதான், கடல் தொட்டி வச்சிருக்கறவங்க சின்ன பவளத் துண்டு ஒட்ட அது ஆகும். இந்த இழுவைய அது தாங்காது. சிலிகானோ ஈரக் கண்ணாடியில ஒட்டவே ஒட்டாது.

இத நான் பட்டுத்தான் சொல்றேன். என் முதல் பேக்கிரவுண்டு 3 அடி. தொட்டியக் காலி பண்ணிட்டேன், ஆனா கண்ணாடிய சரியா தொடைக்கல, மூலையில உப்புக்கறை அப்படியே இருந்துச்சு, அது மேலயே சிலிகான வச்சு அமுக்கிட்டேன். மறுநாள் ராத்திரியே தண்ணி விட்டேன், அவசரம். முக்கால் தொட்டி ரொம்புற வரைக்கும் நல்லா நின்னுச்சு. நானும் ட்யூப பிடிச்சிட்டு ரசிச்சிட்டு இருக்கேன். டப்புனு ஒரு சத்தம். எந்திரிச்சு பாக்குறதுக்குள்ள அந்தப் பாறை முழுசா மேல வந்து லைட் மூடிய தூக்கி அடிச்சு, லைட் தண்ணிக்குள்ள. நல்லவேளை பிளக் போடல. வீட்டம்மா ஓடி வந்து பாத்துட்டு "கப்பல் விட்டீங்களா"ன்னு கேட்டா. இருபது வருஷமாச்சு, இன்னும் எங்க வீட்ல அதுக்குப் பேரு கப்பல்தான்.

அதனால தொட்டியக் காலி பண்ணுங்க, வேற வழியே இல்ல. மீன ஒரு பெரிய நீலக் கலர் டிரம்ல பழைய தண்ணியோட விட்டு, இப்ப ஓடுற ஃபில்டரயே கழுவாம அதுல மாட்டிடுங்க. ரெண்டு மூணு வாரத்துக்கு அங்கதான் குடித்தனம்னு நெனச்சுக்கோங்க.

ஒட்டுற முறை இதுதான். தொட்டிய நிக்க வச்சு ஒட்டாதீங்க, ரெண்டு பேரு புடிச்சு (காலித் தொட்டியே நாப்பது கிலோ இருக்கும், பாத்து) பழைய மெத்தை மேல மல்லாக்கப் படுக்க வைங்க, பின் கண்ணாடி கீழ இருக்கணும். பழைய போஸ்டர் வெளிய இருக்கறதால அத கிழிச்சாலும் கிழிக்காட்டியும் ஒண்ணுதான். உள் பக்கத்த பிளேடு வச்சு சுரண்டி, வினிகர் போட்டு உப்ப எடுத்து, காய விட்டு, கடைசியா ஸ்பிரிட் தொட்ட துணியால ஒரு தடவ. அதுக்கப்புறம் விரல் படக்கூடாது.

சிலிகான் வாங்கும்போது ஆறுறப்ப வினிகர் வாசம் வர்ற வகை, நூறு சதவீத சிலிகான்னு போட்டிருக்கறது. பாத்ரூமுக்கு விக்கிற பூஞ்சை புடிக்காத வகைய மட்டும் தொடாதீங்க, பூஞ்சைய கொல்ற மருந்து மீன சும்மா விடாது. மூணு ட்யூப் ஆகும்.

அப்புறம் எல்லாரும் பண்ற தப்பு, முதுகு முழுக்க வெண்ணெய் தடவுற மாதிரி சிலிகான பூசிடுவாங்க. சிலிகான் காத்துல இருக்குற ஈரத்தாலதான் ஆறும். ரெண்டு பலகைக்கு நடுவுல காத்தே போகாம அடைச்சா நடுவுல இருக்கறது வாரக் கணக்குல பசையாவே கிடக்கும். அதனால ஒரு சாண் இடைவெளி விட்டு நெட்டுக்க கோடு கோடா, கோடு ஒவ்வொண்ணும் சுண்டுவிரல் தண்டிக்கு. வச்சு அமுக்கி, மேல பழைய துணிய விரிச்சு செங்கல அடுக்குங்க. ஒரு வாரம் ஃபேன் போட்டு விட்டுருங்க. மூக்க உள்ள விட்டா வினிகர் வாசம் துளியும் வரக்கூடாது, அப்புறம்தான் தண்ணி.

ஒண்ணு கேக்க மறந்துட்டேன், பீஸோட முதுகுப் பக்கம் சிமெண்ட் அடிச்சிட்டீங்களா?

---

அம்பைப்பையன்:

தாத்தா (அப்படியே கூப்பிடுறேன், தப்பா எடுத்துக்காதீங்க), ஒரு சிப்பம் அரிசின்னு படிச்சதும் நம்பல. நேத்து பாத்ரூம்ல பெரிய டப்புல தண்ணி புடிச்சு, வெட்டுன மிச்சத்துல ஒரு அடிக்கு ஒரு அடி துண்டு இருந்துச்சு, அத ரெண்டு கையால அமுக்கிப் பாத்தேன். அய்யோ. முழங்கை நடுங்குது, கொஞ்சம் கை நழுவுச்சு, எகிறி வந்து மூஞ்சியில தண்ணி அடிச்சுது. இப்ப நம்புறேன்.

முதுகுல இன்னும் அடிக்கல, அடிக்கலாம்னு இருந்தேன். ஏன் கேக்குறீங்க?

---

தொட்டித்தாத்தா:

அடிக்காதீங்க! முதுகும், கண்ணாடிய ஒட்டி வர்ற ஓரமும் மொட்டை தெர்மாகோலாவே இருக்கட்டும். வினிகர் வாசம் வர்ற சிலிகான் ஆறுறப்ப அமிலம் விடும், சிமெண்டு காரம், ரெண்டுக்கும் ஆகாது, மேலோட்டமா புடிச்ச மாதிரி இருக்கும், ஆனா பொடிப்பொடியா உதிரும். தெர்மாகோல்ல நல்லா கடிக்கும், வழவழன்னு இருந்தா மட்டும் உப்புத்தாளால ரெண்டு இழுப்பு இழுங்க.

---

சிறுவாணி_செல்வி:

வணக்கமுங்க, ஒட்டுறதப் பத்தி அய்யா சொல்லிட்டாருங்க, நான் சிமெண்டப் பத்தி மட்டும் சொல்றேனுங்க, ஏன்னா நான் அதுல கைய சுட்டுக்கிட்டவ.

நாங்க கோயமுத்தூருங்க, சிறுவாணித் தண்ணி. குடிக்க அமிர்தம், ஆனா அதுல உப்புச் சத்து கம்மிங்கறதால பிஎச்ச (தண்ணி காரமா புளிப்பான்னு காட்டுற அளவுங்க) புடிச்சு நிறுத்த அதுல ஒண்ணுமே இல்லீங்க, கொஞ்சம் காரம் சேந்தா போதும், சரசரன்னு ஏறிடும். சிமெண்டுல இருந்து சுண்ணாம்பு கசிஞ்சுக்கிட்டே இருக்கும், புதுச் சிமெண்ட் ஊறுன தண்ணியோட பிஎச் 12 வரைக்கும் கூடப் போகுமுங்க. நான் என்ன பண்ணினேன், அஞ்சு நாள் ஊற வச்சேன், தண்ணி தெளிவாத்தான் இருக்குன்னு தொட்டியில வச்சு, நியான் டெட்ரா இருவது விட்டேன். ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு. காலைல பாத்தா எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது, மத்தியானத்துக்குள்ள மூணு மிச்சமுங்க. பிஎச் பாக்குற சொட்டு மருந்து கிட்ல பாத்தா கலர் அட்டையோட கடைசிக் கலரையும் தாண்டி ஊதா. என் தப்புதானுங்க, யாரக் குத்தம் சொல்றது.

ரெண்டாவது தடவ பொறுமையா பண்ணினேன். முதல் கோட்டு தோசை மாவு பதத்துக்கு, கெட்டியா வேண்டாம், பிரஷ்ல குத்திக் குத்தி அடிச்சா ஒவ்வொரு ஓட்டைக்குள்ளயும் எறங்கும். ஒரு நாள் விட்டு ரெண்டாவது கோட்டு இட்லி மாவு பதத்துக்கு, சலிச்ச மணல் கொஞ்சம் கலந்து. மூணாவது கோட்டுலதான் கலர். கலருக்கு நம்ம வீட்டுத் தரைக்குப் போடுற ஆக்சைடு பவுடர் இருக்கு பாருங்க, கருப்பும் செகப்பும் காவியும், அதயே சிமெண்டோட கலந்துடுங்க, சிமெண்டுல பத்துல ஒரு பங்குக்கு மேல வேண்டாம். ஸ்பிரே பெயின்ட் மட்டும் தெர்மாகோல் பக்கம் கொண்டு போயிடாதீங்க, அதுல இருக்குற தின்னர் பட்டா தெர்மாகோல் அப்படியே குழிஞ்சு உள்ள போயிடும், சக்கரை தண்ணியில கரையற மாதிரி.

ஒவ்வொரு கோட்டும் வெயில்ல காஞ்சு வெடிக்க விடாம ஈரச் சாக்கு போட்டு மூடி வைங்க, கொத்தனாரு தளத்துக்குத் தண்ணி கட்டுற மாதிரிதான். எல்லாம் முடிஞ்சப்புறம் டிரம்லயோ தொட்டியிலயோ முக்கி, மேல பாரம் வச்சு, மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணி மாத்துங்க. முதல் ரெண்டு தடவ அந்தத் தண்ணிய கைவிரல்ல தொட்டுத் தேச்சுப் பாருங்க, சோப்பு மாதிரி வழுக்கும். எனக்கு நாலு வாரம் ஆச்சுங்க. புதுத் தண்ணி மாத்தி முழுசா ரெண்டு நாள் விட்டும் பிஎச் ஏறலைன்னாத்தான் மீன விடணும், மாத்துன அன்னிக்கே பாத்து ஏமாந்துடாதீங்க.

உங்க ஃபிலமென்ட் பார்ப் மலை ஓடைத் தண்ணி மீனுங்க, அதனால இதுல அவசரம் வேண்டாமுங்க. உங்க வீட்ல போர் தண்ணியா மெட்ரோவா?

---

கிணத்தடி:

வணக்கம், யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். தெர்மாகோல் எண்டு நீங்கள் சொல்லுறத நாங்கள் ரெஜிபோம் எண்டுதான் சொல்லுவம், முதல் ரெண்டு பதிவும் வாசிச்சு முடியத்தான் என்ன சாமான் எண்டு பிடிபட்டது :)

செல்வி அக்கா சொன்னது சரி, ஆனால் எங்கட பக்கத்துக் கதை வேற. இஞ்ச நிலத்துக்குக் கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல், கிணத்துத் தண்ணியே கேத்திலில வெள்ளையாப் படியும். அதுக்குள்ள சீமெந்து வைச்சா தண்ணிக்கு மேல பால் ஆடை மாதிரி ஒண்டு படரும், அத அள்ளி ஊத்தினால் சரி. நான் வைச்சிருக்கிறது மொலியும் கப்பியும், அதுகளுக்கு இப்பிடித் தண்ணிதான் விருப்பம். சீமெந்த ரெண்டு கிழமை ஊற வைச்சதோட விட்டனான், பிழை ஒண்டும் வரேல்ல. அம்பை அண்ணை என்ர கணக்கப் பாத்து அவசரப்பட வேண்டாம், உங்கட மீன் வேற.

இன்னொரு விசயம், ஒருத்தரும் சொல்லேல்ல. உந்தப் பாறைய உள்ளுக்க வைக்காமல் தொட்டிக்குப் பின்னால வெளியில வைச்சா என்ன? மிதக்காது, பிஎச் ஏறாது, மீனையும் கிளப்பத் தேவையில்லை. நான் முதல் ஒரு வருசம் அப்பிடித்தான் வைச்சிருந்தனான். நேர முன்னால இருந்து பாத்தா நல்ல வடிவு. குறையையும் சொல்லத்தானே வேணும், கொஞ்சம் பக்கவாட்டில நிண்டு பாத்தா பின் கண்ணாடி முகம் பாக்கிற கண்ணாடி மாதிரி மின்னும், பாறை தெரியாது, மீனின்ர நிழல்தான் தெரியும். அந்தக் கடுப்பிலதான் பிறகு உள்ளுக்க வைச்சனான்.

---

அம்பைப்பையன்:

செல்வி அக்கா, ரெண்டும்தான். மெட்ரோ தண்ணி வந்தா அது, இல்லன்னா போர். போர் தண்ணி டிடிஎஸ் மீட்டர்ல (தண்ணியில கரைஞ்ச உப்ப காட்டுறது) 900 சொச்சம் காட்டுது, அதனால இதுவரைக்கும் மெட்ரோ தண்ணிய புடிச்சு ஒரு நாள் வச்சுத்தான் ஊத்துறேன். நாலு வாரமே ஊற வைக்கிறேன்.

கிணத்தடி அண்ணே, வெளிய வைக்கிற ஐடியாவுக்கு வீட்ல ஃபுல் சப்போர்ட்டு, "அந்த ஊர்க்காரரு ஒருத்தருதான் அறிவோட பேசுறாரு"ன்னு சொல்லச் சொன்னாங்க. ஆனா தொட்டிக்கும் செவுத்துக்கும் நடுவுல ரெண்டு இன்ச்தான் இருக்கு, என் பாறை சில இடத்துல நாலு இன்ச் முண்டிக்கிட்டு நிக்குது. செவுத்த இடிக்க ஹவுஸ் ஓனர் விடமாட்டாரு.

இப்ப புதுத் தலைவலி. இன்னிக்குக் காலைல சும்மா அளவு பாக்கலாம்னு பாறைய தூக்கிட்டுப் போய் தொட்டி மேல வச்சுப் பாக்குறேன், உள்ளயே எறங்காது! நடுவுல குறுக்க ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கே, ஓரத்துலயும் சுத்தி ரெண்டு இன்ச் பட்டை இருக்கே, அத ஒரு வருஷமா டெய்லி பாக்குறேன், செய்யும்போது ஞாபகமே வரல. நீளமும் சரியா 4 அடிக்கு வெட்டியிருக்கேன், கண்ணாடிக் கனம் போக உள் அளவு அதவிடக் கம்மி. மூணு வாரம் உக்காந்து செஞ்சது. என்ன பண்ண, இன்னொண்ணு செய்யவா?

---

தொட்டித்தாத்தா:

இன்னொண்ணு எதுக்கு? அறுத்துடுங்க. ஆனா ஸ்கேல் வச்சு நேர்கோட்டுல அறுத்தா தொட்டியில இருக்குற வரைக்கும் அந்தக் கோடுதான் கண்ணுல குத்தும். உங்க பாறையில ஒரு வெடிப்பு இருக்குன்னு சொன்னீங்கல்ல, அது வழியாவே கோணல் மாணலா மேல இருந்து கீழ வரைக்கும் வெட்டுங்க. அப்ப சந்து எது, வெடிப்பு எதுன்னு உங்களுக்கே மறந்துடும். ரெண்டு பீஸ் போதும், குறுக்குப் பட்டைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணுன்னு எறக்கி உள்ள வச்சு நகத்திக்கலாம்.

மொத்தத்துல உள் அளவவிட ஒரு 6 மி.மீ. குறைச்சே வெட்டுங்க, இன்னும் ரெண்டு கோட்டு சிமெண்ட் ஏறப் போகுது, அது ஒவ்வொண்ணும் கனம் கூட்டும். இறுக்கமா அடிச்சு எறக்குனா பக்கக் கண்ணாடியோட ஒட்டு விட்டுப் போகும்.

அந்த ஓரப் பட்டை இருக்கறது உங்களுக்கு நல்லதுதான் தம்பி. பாறையோட மேல் விளிம்ப சரியா அந்தப் பட்டைக்கு அடியில போய் முட்டுற மாதிரி வச்சிட்டா, சிலிகான் என்னிக்காவது கைவிட்டாலும் மேல வர முடியாது. என் கப்பலுக்கு அந்தப் பட்டை இல்ல, அதான் அது கெளம்பிருச்சு. கீழ் விளிம்பு அடிக் கண்ணாடியில நேரா உக்காரணும், மணல் மேல இல்ல, மணல அதுக்கப்புறமா முன்னாடி போட்டு அணைங்க.

சந்துல சிலிகான் வச்சதும் அது காயறதுக்குள்ள காஞ்ச மணலும் கருப்பு ஆக்சைடும் கலந்து ஒரு கை அள்ளி அது மேல தூவி விரலால தட்டி விடுங்க. பளபளப்பு போயிடும்.

---

சக்கர்_சங்கர்:

எல்லாரும் பெரிய பெரிய விஷயமா பேசுறீங்க, நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், தொட்டியில சக்கர் மீன் (கண்ணாடியில வாய ஒட்டிப் பாசி சொரண்டுமே, அது) இருக்கா ப்ரோ? இருந்தா இப்பவே யாருக்காவது குடுத்துருங்க. என் சக்கர், ஒரு அடி நீளம், ராத்திரி பூரா பேக்கிரவுண்ட சொரண்டிச் சொரண்டி சிமெண்ட் மெலிசா இருந்த ஒரு முனைய ஓட்டை போட்டுட்டான். காலைல தண்ணி மேல பூரா வெள்ளை வெள்ளையா தெர்மாகோல் உருண்டை மிதக்குது, பாதி ஃபில்டர் வாயில போய் அடைச்சு மோட்டார் உர்ர்னு கத்துது. மீனு சாப்பாடுன்னு நெனச்சு முழுங்கித் துப்புதுங்க. முண்டிக்கிட்டு இருக்குற முனையிலயெல்லாம் எக்ஸ்ட்ரா ஒரு கோட்டு அடிங்க, பிரஷ் அங்கதான் வழுக்கிட்டுப் போகும்.

அப்புறம் பின்னாடி சந்து விடாதீங்க. விட்டா லோச் கண்டிப்பா உள்ள போகும், போனா திரும்ப வராது, பின்னாடி தேங்குற தண்ணி கறுத்து அழுகுன முட்டை நாத்தம் அடிக்கும். நாலு ஓரமும் சிலிகான்ல அடைச்சிருங்க.

---

அம்பைப்பையன் (ஏழு வாரம் கழிச்சு):

மறந்துட்டான்னு நெனச்சிருப்பீங்க. இன்னிக்குத்தான் மீன உள்ள விட்டேன், அதான் சொல்ல வந்தேன்.

வெடிப்பு வழியா அறுத்தேன், கட்டர் போடும்போது கை நடுங்குச்சு. மூணு கோட்டு, முனைக்கு நாலு. கருப்பு ஆக்சைடு கொஞ்சம் கூடிப்போச்சு, ஈரமா இருக்கும்போது தார் ரோடு மாதிரி இருந்துச்சு, காஞ்சதும் பரவால்ல, சாம்பலா எறங்கிருச்சு. டிரம்ல முக்க முடியல, நீளம் பத்தல, அதனால முதல்ல மல்லாக்கப் போட்டு ஒட்டிட்டு, ஒரு வாரம் காய விட்டு, தொட்டியிலயே தண்ணி ரொப்பி ஊற வச்சேன். பாதி ரொம்புறப்ப நான் தொட்டி மேல ரெண்டு கையையும் வச்சு அமுக்கிட்டு நின்னேன், தாத்தா கதை படிச்ச பயம். ஒண்ணும் ஆகல. பட்டைக்கு அடியில கச்சிதமா உக்காந்திருக்கு.

பிஎச் முதல் வாரம் அட்டையில இருக்குற கடைசிக் கலரு, அக்கா சொன்ன மாதிரியே வழவழன்னு. மாத்தி மாத்தி ஊத்தி மூணாவது வாரக் கடைசியில 8, அஞ்சாவது வாரம் 7.6ல வந்து நின்னுருச்சு, ரெண்டு நாள் விட்டும் ஏறல. மெட்ரோ தண்ணியே 7.4 காட்டுது, அதனால இது போதும்னு விட்டுட்டேன்.

டிரம்ல ஒரு பார்ப் துள்ளி வெளிய விழுந்து போச்சு, மூடி போடாதது என் தப்பு. மீதி ஏழும் உள்ள விட்டதும் அரை மணி நேரம் ஒரு மூலையில ஒண்டிக்கிட்டு நின்னுச்சுங்க, அப்புறம் ஃபில்டர் தண்ணி பாறை மேல விழுந்து வழியிற இடம் ஒண்ணு இருக்கு, அங்க போய் வரிசையா எதிர்த்து நிக்குதுங்க. அருவிக்குக் கீழ அதே மாதிரிதான் நிக்கும், சின்ன வயசுல காலுக்கிட்ட வந்து கடிக்கும். வீட்ல சேர இழுத்துப் போட்டு உக்காந்து பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல, ஆனா டிரம்ம எப்ப எடுப்பேன்னு மட்டும் கேட்டாங்க.

ஒரு சந்தேகம் பாக்கி. இடது மேல் மூலையில ஃபில்டர் பைப்புக்காக விட்ட இடத்துல ஒரு விரல் போற அளவு சந்து இருக்கு, தொட்டிய ரொப்பிட்டேன், லோச் அதையே மோந்துக்கிட்டு இருக்கு. இப்ப என்ன வச்சு அடைக்கிறது?

---

சக்கர்_சங்கர்:

ஃபில்டர் ஸ்பாஞ்ச் ஒரு துண்டு வெட்டி இறுக்கித் திணிங்க ப்ரோ, நான் நாலு வருஷமா அதான் வச்சிருக்கேன். இன்னிக்கே பண்ணுங்க, லோச் ராத்திரிதான் வேலையக் காட்டும்.